பிள்ளைச் சோற்றுக்குப் பங்கு பிரித்த சாத்தப்பன்

முன்னொரு காலத்தில், மிளகு பொன்னுக்குச் சமமாக விலைபோன ஒரு கடற்கரை நாட்டில், கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே தலைவலி வந்துவிடும் மன்னர் ஒருவர் ஆண்டுவந்தார். அவருடைய அவையில் விகடம் பேசிப் பிழைத்தவன் சாத்தப்பன். அவன் பேச்சுக்கு மன்னர் சிரிக்கும்போதெல்லாம் கருவூல அதிகாரி வரதுங்கருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலை அவைக்கு ஒரு வழக்கு வந்தது. மிளகு வியாபாரி கண்டியப்பனும் அவன் மனைவி செண்பகவல்லியும் ஒத்துப்போகாமல் பிரிந்து ஓராண்டாகிவிட்டது. ஏழு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள். மாதத்தில் ஆறு நாள் தகப்பன் வீட்டில் இருப்பார்கள். மற்ற நாளெல்லாம் தாயிடம்.

"மகாராஜா, துணிக்குச் சாயம் போட்டு மாசம் பத்துப் பணம் சம்பாதிக்கிறேன்" என்றாள் செண்பகவல்லி. "பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் இருபது பணம் ஆகுது. காதுத் தோட்டையும் வித்தாச்சு. பெரியவளைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திட்டேன். தகப்பன் பங்கு எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும்."

கிழிந்த வேட்டியோடு வந்திருந்த கண்டியப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "மகாராஜா, நானே ஏழை. நாளுக்கு இரண்டு படி கம்பு கிடைத்தால் பெரிது. நான் எதைக் கொடுப்பேன்?"

மன்னர் சலித்துக்கொண்டார். "இதே போல் மாதம் பத்து வழக்கு வருகிறது! இருவரும் தம் வாயால் 'சரி' என்று சொல்லும்படி யாராவது ஒரு கணக்குப் போட்டுத் தாருங்கள்."

வரதுங்கர் சட்டென்று எழுந்தார். "மாமன்னா, அத்தகைய அறிவு சாத்தப்பனுக்கே உண்டு. உச்சி மணி அடிப்பதற்குள் அவன் முடிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

சாத்தப்பன் யோசித்தான். பிரிந்தவர்களைச் 'சரி' சொல்ல வைப்பது ஆற்றை மலையேற்றுவது போல. ஆனால் தாயோடு வந்திருந்த பெரியவள் தூணோரம் நின்று, தங்கையின் உள்ளங்கையில் விரலால் 'அ' எழுதிக் காட்டுவதை அவன் பார்த்தான். உடனே முன்னால் வந்தான்.

"ஐயா கண்டியப்பரே, உமக்குச் சொந்தமானது இவ்வளவுதான் என்று ஓலையில் எழுதித் தருவீரா?"

"தாராளமாக!" கண்டியப்பன் எழுதினான். 'உடுத்திய வேட்டியும் நாளுக்கு இரண்டு படி கம்பும் தவிர, இந்த உலகில் எனக்கென்று எதுவும் இல்லை.' சாட்சிக் கையெழுத்தைத் தாமே முந்திக்கொண்டு போட்டார் வரதுங்கர்.

சாத்தப்பன் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பறையறைபவனைக் கூப்பிட்டான். "அப்பா, துறைமுகத்துக்கு ஓடு. கண்டியப்பர் கிடங்கு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் முந்நூறு மிளகு மூட்டை கிடக்கிறது. அது அவருடையது இல்லையாம், எழுத்திலேயே இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத பொருள். வேண்டியவர் வந்து அள்ளிக்கொள்ளலாம் என்று முரசடி!"

பறையறைபவன் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் கண்டியப்பன் பாய்ந்து அவன் காலைப் பிடித்தான். "ஐயையோ, போகாதடா! அது என் மிளகு! நான் பாடுபட்டுச் சேர்த்தது!"

அதே மூச்சில் வரதுங்கரும் கத்தினார். "அதில் என் இருபது மூட்டை இருக்கிறதே!"

வரதுங்கர் வாயைப் பொத்திக்கொண்டார், காலம் கடந்துவிட்டது.

"கண்டியப்பரே, மாதம் எவ்வளவு வருகிறது?" என்று மெல்லக் கேட்டான் சாத்தப்பன்.

"தொண்ணூறு பணம்" என்றான் அவன், தலை நிமிராமல்.

"தாய்க்குப் பத்து. இரண்டும் சேர்ந்தால் நூறு. பிள்ளைகள் தாய்க்கும் தகப்பனுக்கும் சொந்தம். ஆகவே செலவும் இருவருடையது. நூற்றில் தொண்ணூறு சம்பாதிப்பவர் பத்தில் ஒன்பது பங்கு சுமக்கட்டும். இருபது பணத்தில் அது பதினெட்டு. ஆறு நாள் சோறு அவர் வீட்டிலேயே போடுகிறார். அதற்கு இரண்டு கழித்துவிடுவோம். மாதம் பதினாறு பணம். இருபதில் பதினெட்டு போக மீதி இரண்டு பணம் தாயுடையது. வருமானம் ஏறினாலும் இறங்கினாலும் இதே முறையில் திருப்பிப் போடலாம். சரியா அம்மா?"

"எனக்கும் ஒரு பங்கு வெச்சீங்களே, அது போதும். சரி" என்றாள் செண்பகவல்லி.

சின்னவள் மெல்லக் கண்டியப்பனருகே போய்க் கிழிந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, உனக்கு நல்ல துணி இல்லையா? அம்மாகிட்ட சொல்லி நீலச் சாயம் போட்டுத் தரவா?"

அவன் கண் கலங்கியது. "சரி, மகாராஜா. பதினாறு தருகிறேன்" என்றான். உச்சி மணி அப்போதுதான் அடித்தது.

கண்டியப்பனின் வரியைக் கண்டும் காணாமல் விட வரதுங்கர் லஞ்சமாக வாங்கிய இருபது மூட்டையைப் பறித்து, எழுத்துப் பள்ளிக்குக் கொடுக்கும்படி மன்னர் ஆணையிட்டார். வரதுங்கரின் பதவியும் அன்றோடு போயிற்று.

கண்டியப்பன் தயங்கிக்கொண்டே கேட்டான். "செண்பகம், மாதம் பத்து நாள் பிள்ளைகளை அனுப்புவாயா?"

அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"போச்சு!" என்று சாத்தப்பன் தலையில் கைவைத்தான். "மாமன்னா, நாள் கூடிவிட்டது. கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போடவேண்டும்!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றி அவன் கையில் பூட்டினார்.

"மாறட்டுமய்யா! நல்லபடியாகத்தானே மாறுகிறது!"