கருப்பு வயர் சொன்ன கணக்கு

திருமங்கலத்தில் ஒரு வீட்டுச் சுவருக்குள், ஒரே பைப்பில் மூன்று வயர்கள் குடியிருந்தன. சிவப்பு கீழறை ஏசிக்கும், மஞ்சள் மாடி ஏசிக்கும் கரண்ட் கொண்டுபோயின. இரண்டு கரண்டையும் திரும்ப எடுத்துவருவது நியூட்ரல் எனப்படும் கருப்பு ஒன்றுதான்.

சிவப்பும் மஞ்சளும் வேறுவேறு பேஸிலிருந்து, அதாவது தெருக்கம்பத்தின் தனித்தனி லைனிலிருந்து, வந்தவரை தொல்லையில்லை. ஒன்றின் கரண்டை மற்றொன்று ஈடுகட்டியதால், ஒருவர் சுமைக்கு மேல் கருப்பின் தலையில் ஏறவில்லை.

சித்திரையில் மஞ்சளின் பேஸ் போய்விட்டது. வயர்மேன் இருதயராஜ் வந்து, மஞ்சளையும் சிவப்பின் பேஸிலேயே மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரட்டைச் சுமை. கருப்பின் உடம்பு கொதித்தது.

"என்னால் முடியவில்லை" என்றது கருப்பு.

"நாங்கள் அளவோடுதானே ஓடுகிறோம்? மீறினால் ட்ரிப் சுவிட்ச் எங்களை நிறுத்தியிருக்குமே" என்றது சிவப்பு.

"உங்களுக்கு ஆளுக்கொரு சுவிட்ச் காவல். எனக்கு யார்?"

"நீ பொதுவானவன். பொறுத்துக்கொள்" என்றது மஞ்சள்.

"பொதுவானவன்தான். அதற்காக வெந்து சாக வேண்டுமா?"

"அப்படியென்றால் அறுத்துக்கொண்டு போயேன்."

கருப்பு யோசித்தது. அறுந்தால் இரண்டு ஏசியும் நின்றுவிடும். ஆனால் ஏசி வழியாக வந்த கரண்ட் அறுந்த முனையில் நிற்கும்; கருப்பு வயரில் ஷாக் இருக்காது என்று நம்பி யாராவது தொட்டால், உயிர் போய்விடும்.

"அறுத்துக்கொள்ளவும் மாட்டேன். வாய் மூடிக் கிடக்கவும் மாட்டேன்" என்றது.

சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் தன் தோலை உருகவிட்டது. கருகல் நாற்றம் கூடத்துக்கு வந்தது. வீட்டுக்காரி தில்லைநாயகி டீச்சர் மெயினை அணைத்துவிட்டு இருதயராஜைக் கூப்பிட்டார்.

"ஏசி நல்லாத்தானே ஓடிச்சு டீச்சர். நாத்தம் போயிரும்."

"போர்டைக் கழட்டுங்கண்ணே."

கழற்றினார். உருகிய தோலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"மறுபடி வேற பேஸ்ல மாட்டிரலாம் டீச்சர்."

"அடுத்த தடவை பேஸ் போனா? அப்பவும் இப்படித்தானே மாத்துவீங்க. ரெண்டு ஏசிக்கும் தனித்தனி நியூட்ரல் போடுங்க."

"இந்தப் பைப்புல இன்னொரு வயருக்கு இடமில்ல. செவத்தை உடைக்கணும். வீடெல்லாம் தூசி."

"உடைங்க. நான் கூட்டிக்கிறேன்."

கருகிய கருப்பை உருவித் தரையில் போட்டார் இருதயராஜ்.

"பேசிப் பேசி என்ன கண்டாய்? கடைசியில் வெளியே கிடப்பது நீதானே" என்றது சிவப்பு.

"ஆமாம்" என்றது கருப்பு. "என் இடத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்."