மூன்றாம் படி

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், அவசரம் ஒன்றுமில்லை.

குருவின் பெயர் ரெஜினா. பெரம்பூரில், முன்பு அச்சகமாக இருந்த ஒரு கூடத்தில், வாயைத் திறக்காமல் நடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து வந்தார். எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். சீடர் தணிகாசலம் வெல்டராக இருந்தவர். ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கும்போதே நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தார். எல்லாம் ஓர் ஏணியால் வந்த வினை.

ஏணி ஏகாம்பரம் என்று ஒரு நகைச்சுவை நடிகர். நூறு வருடத்துக்கு முன்பு, படங்களுக்குக் குரல் வராத காலத்தில், மதராஸையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். அவருடைய படங்களில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் நைந்துபோன பிரதி. அதில் அவர் தெருவிளக்கு ஏற்றுகிற ஆள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். திரும்புகிற பக்கமெல்லாம் யார் தொப்பியாவது பறக்கும். கடைசியில் கம்பத்தில் ஏணியைச் சாய்ப்பார். கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்றாம் படியில் நிற்பார். அப்புறம் மேலே ஏறி, விளக்கை ஏற்றுவதற்குப் பதில் தன் மீசையைக் கொளுத்திக்கொள்வார்.

தரையிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவல். அதைச் செய்ய இந்த ஊரில் முதலில் தணிகாசலம் ஒருவரால்தான் முடிந்தது.

அதற்காகப் பன்னிரண்டு வருடம் உழைத்தார். இரண்டு முட்டியும் தேய்ந்தன. காலையில் எழுந்ததும் வலிக்குத் தைலம் தேய்ப்பார். அவர் மனைவி, "ஏகாம்பரம் போய்ச் சேர்ந்துட்டாரு, அவரு முட்டிவலி மட்டும் நம்ம வீட்ல இருக்குது" என்பாள். ஆனால் பள்ளிக்கூட விழாவிலும் பூங்காவிலும் அவர் தாவும்போது எழுகிற கைதட்டல் இருக்கிறதே, அதற்கு முன்னால் முட்டி என்ன முட்டி. பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தாவக் கற்றுக்கொண்டு செல்போனில் படம் பிடித்துப் போட்டார்கள். 'ஏகாம்பரம் தாவல்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

இந்த நிலையில் ஒரு சேதி வந்தது. பினாங்கில் ஒரு பழைய கொட்டகையின் மச்சில் அதே படத்தின் இன்னொரு பிரதி கிடைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து, கீறலும் பூஞ்சையும் நீக்கி, படத்தை முழுதாக மீட்டுவிட்டார்கள். படத்துக்கு நூறு வயது. விழா எடுக்கப் போகிறார்கள். திரையில் படம் ஓடுவதற்கு முன்னால் அதே காட்சியை மேடையில் ரெஜினாவின் குழு நடிக்க வேண்டும்.

தணிகாசலம் அன்றே மீசைக்குச் சாயம் வாங்கினார்.

மீட்டெடுத்த படத்தை டீச்சர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பயிற்சியில், "இந்தத் தடவை ஏணிக் காட்சியில ரெண்டு பேர்" என்றார்.

"ரெண்டு பேரா? ஏகாம்பரம் தனியாத்தானே டீச்சர் வருவாரு?"

"இப்ப ரெண்டு பேர். மெஹர் ஏறணும். நீங்க கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கணும்."

தணிகாசலம் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அப்போதுதான் இது வேடிக்கைப் பேச்சு இல்லையென்று அவருக்குப் புரிந்தது.

மெஹருன்னிசா குழுவுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண் மருத்துவமனையில் வேலை. ஒல்லியான உடம்பு. அவள் சும்மா நாற்காலியில் உட்கார்ந்தாலே சுற்றி இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதைத் தணிகாசலத்தால் எப்போதுமே தாங்க முடிந்ததில்லை. அவர் பன்னிரண்டு வருடம் முட்டியைத் தேய்த்து வாங்கிய சிரிப்பை, அவள் நாற்காலியில் உட்கார்ந்தே வாங்கிவிடுகிறாள். அவளுக்கு வருகிற சிரிப்பும் தனக்கு வருகிற சிரிப்பும் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பார். எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணின பிறகு சோறு இறங்காது.

"ஏன் டீச்சர்?" என்று கேட்டார். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஏணியைப் பிடிங்க சார்."

"பதில் சொல்லுங்க."

"பிடிங்க. அதுதான் பதில்."

பிடித்தார்.

பத்து நாள் பிடித்தார். அந்தப் பத்து நாளும் அவர் வயிறு எரிந்தது. மெஹர் ஒவ்வொரு படியாக, ஏதோ மாடிக்குத் துணி காயப்போடப் போகிறவள் மாதிரி, சாவகாசமாக ஏறினாள். தாவவே இல்லை. உயிரான இடத்தை விட்டுவிட்டு ஏறுகிறாளே, டீச்சர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே நின்றால் தெரிவது அவளுடைய செருப்பில்லாத குதிகால்கள் மட்டும். அந்தக் குதிகால்களைக்கூட அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்ன, ரெண்டு நாளா முட்டி வலிக்குதுன்னே சொல்லல?"

"தாவினாத்தானே வலிக்கும்" என்றார். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல் சொம்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள், மெஹர் ஏழாவது படியில் நின்று, கையை நீட்டி, இல்லாத விளக்கை ஊதிப் பார்த்தாள். குழுவிலிருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். டீச்சர் சிரித்து அவர் பார்த்தே பல மாதம் ஆகியிருந்தது.

தணிகாசலத்தின் கை அசைந்தது.

ஓர் அங்குலம்தான். தெரியாமல் நடந்தது என்று அவர் பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது எடுபடவில்லை. தெரிந்துதான் அசைத்தார். ஏணி ஆடியது. மேலே இரண்டு குதிகால்களும் படியை இறுக்கிக்கொண்டன. அடுத்த நொடியே ஏணியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கன்னத்தைக் கட்டையில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா, பிடிச்சிருக்கீங்கல்ல?" என்று மேலிருந்து மெஹர் கேட்டாள்.

"பிடிச்சிருக்கேம்மா."

அவள் இறங்கி வருகிறவரைக்கும் அவர் ஏணியை விடவில்லை. இறங்கின பிறகும் விடவில்லை. டீச்சர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் விட்டார்.

எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில் டீச்சரிடம் போய் நின்றார்.

"என்னை விட்டுடுங்க டீச்சர். வேற யாரையாவது பிடிக்கச் சொல்லுங்க."

"ஏன்?"

"என் கை சரியில்ல."

"கைக்கு என்ன?"

தணிகாசலம் தன் கையைப் பார்த்தார். வெல்டிங் பொறி பட்டுப் பட்டுத் தழும்பேறிய கை. "அந்தப் பொண்ணு மேல நிக்கிறா. எனக்கு வயித்தெரிச்சல். ஆட்டிட்டேன் டீச்சர். விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"ஆட்டின அப்புறம் என்ன பண்ணீங்க?"

"கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க. படம் பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

படத்தை மீட்டெடுத்தவர்களின் இடத்தில் ஒரு சின்னத் திரையறை இருந்தது. எட்டே நாற்காலிகள். டீச்சர் ஓரத்தில் உட்கார்ந்தார். மெஹரும் வந்திருந்தாள். தணிகாசலம் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவள் எழுந்து வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு அணைந்தது.

ஏகாம்பரத்தை அவ்வளவு தெளிவாக அவர் பார்த்ததே இல்லை. சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது தெரிந்தது. மீசை ஒரு பக்கம் ஒட்டு விட்டிருந்தது தெரிந்தது. ஏணி வந்தது. தொப்பிகள் பறந்தன. ஏகாம்பரம் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். தணிகாசலத்தின் முட்டிகள் பழக்க தோஷத்தில் தாமாகவே இறுகின. இதோ, தாவப் போகிறார்.

தாவவில்லை.

தெருவில் இன்னொரு விளக்குக்காரன் வந்தான். ஒல்லி ஆள். புதுச் சட்டை. ஏகாம்பரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் ஏணியில் அவனே சாவகாசமாக ஏறினான். ஏகாம்பரம் கீழே நின்று பிடித்துக்கொண்டார். மேலே அவன் விளக்கை ஏற்றியதும் தெருவே கைதட்டியது. ஜன்னல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே ஏகாம்பரமும் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

பிறகு அவருடைய கை அசைந்தது. ஓர் அங்குலம்.

மெஹர் பலமாகச் சிரித்தாள். தணிகாசலம் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். திரையில் ஏகாம்பரம் ஏணியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கன்னத்தைக் கட்டையில் அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, நூறு வருடம் தள்ளி உட்கார்ந்திருந்த தணிகாசலத்தை நேராகப் பார்த்தார்.

மேலே இருந்தவன் ஏற்றின விளக்கை ஊதி அணைத்துவிட்டு இறங்கி வந்தான். மூன்றாம் படியில் நின்றான். கையை நீட்டினான். ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் மூன்றாம் படிக்குத் தூக்கி நிறுத்திவிட்டு, மறுபக்கமாகக் குதித்துப் போய்விட்டான்.

இதற்கு மேல் படம் பழைய படம்தான். ஏகாம்பரம் ஏறினார். மீசை பற்றிக்கொண்டது. தணிகாசலம் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் கண் நிறைந்திருந்தது.

பழைய பிரதியில் அறுந்துபோன துண்டு அது. நாற்பது விநாடி. முன்னும் பின்னும் ஒட்டிவிட்டார்கள். ஒட்டின இடத்தைப் பார்த்துத்தான் அவர் பன்னிரண்டு வருடம் தாவினார்.

விளக்கு வந்தது. மெஹரின் சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நானும் ஆட்டினேம்மா" என்றார் தணிகாசலம்.

"தெரியும்ணா. மேல நிக்கிறவங்களுக்குத் தெரியாம போகுமா?"

"தெரிஞ்சுமா பிடிச்சிருக்கீங்களான்னு கேட்ட?"

"அதுக்கப்புறம் பிடிச்சீங்க இல்ல. அதைத்தான் கேட்டேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அப்போ மேடையில ஏகாம்பரம் நான்தானா?"

"முதல் நாளே உங்களுக்குத்தானே கொடுத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து நாளா நான் வெந்துட்டு இருந்தேன் டீச்சர். இந்தப் படத்தை முன்னாடியே எனக்குக் காட்டியிருக்கலாமே?"

டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"காட்டியிருந்தா, தாவல் மாதிரி இதையும் பார்த்துத்தான் பழகியிருப்பீங்க சார்."