முதலைக்குப் பல்வலி

செங்காட்டு நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. புகழ்ச்சிக்கோ எந்நாளும் பஞ்சமில்லை. அந்நாட்டை ஆண்ட விசயமாறன், தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அரண்மனைச் செலவில் ஏடுகளைப் படியெடுத்துக் கொடுப்பதென ஒருநாள் முடிவு செய்தான். நல்ல முடிவு. எந்த ஏடுகளைக் கொடுப்பது என்பதில்தான் சண்டை பிறந்தது.

தலைநகரப் பள்ளியின் ஆசிரியை வடிவுடையாள் ஒரு கட்டு ஏடுகளோடு அவைக்கு வந்தாள். கட்டின் மேலே இருந்தது, பல்வலி வந்த முதலையொன்று தவளையிடம் வைத்தியம் பார்க்கப் போன கதை. அவைப்புலவர் வித்தியாதர பண்டிதர் அதை, செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் தூக்கினார்.

"முதலைக்குப் பல்வலியாம், தவளை மருந்து கொடுக்கிறதாம். இதை நீர் கண்டீரா, அம்மையே?"

"காணவில்லை, பண்டிதரே."

"காணாததைப் பள்ளியில் படிப்பானேன்?"

"பிள்ளைகள் கேட்கிறார்கள். முடித்தவுடன், மறுபடியும் முதலிலிருந்து படியுங்கள் என்கிறார்கள்."

அவை சிரித்தது. பண்டிதர் சிரிக்கவில்லை. அவரும் பிள்ளைகளுக்கென்று 'நன்னடை நானூறு' என்றொரு நூல் செய்திருந்தார். அதன் கடவுள் வாழ்த்து முடியுமுன்பே பாதி வகுப்பு உறங்கிவிடும் என்று ஊரில் பேச்சு.

"அரசே," என்றார் அவர், "இன்று பொய்யை ஊட்டி வளர்த்த பிள்ளை, நாளை மன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்லும்."

அந்த வாரம்தான் ஒரு நில வழக்கில் பொய்ச்சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு அரசன் சலித்திருந்தான். சொல் சரியான இடத்தில் தைத்தது.

"இனி என் நாட்டுப் பள்ளிகளில் மெய் மட்டுமே நுழைய வேண்டும். ஒரு வரி பொய் இருந்தாலும் அந்த ஏட்டை ஆற்றில் விடுக. ஆணை ஓலையைப் பள்ளிதோறும் தொங்கவிட்டு, நாள்தோறும் காலையில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுக. குழைக்காதரே, எழுதும்."

அரசனின் வாய்மொழியை ஓலையில் இறக்கும் ஓலைநாயகம் குழைக்காதர். அவர் எழுத்தாணியை எடுத்தார், கை நகரவில்லை. அவருடைய மகள் எழுத்துக்கூட்டித் தானாகப் படித்த முதல் ஏடு அந்த முதலைதான். எழுதினால் முதலை ஆற்றோடு போகும். மறுத்தால் பதவி போகும். அதன்பின் வேறொருவர் எழுதுவார், அப்போதும் முதலை ஆற்றோடுதான் போகும்.

"ஓர் ஐயம், அரசே. யார் எழுதிய ஏடானாலும் இதே விதியா?"

"யார் எழுதினாலும்."

"விலக்கே இல்லை என்றும் சேர்த்துக்கொள்ளும்," என்றார் பண்டிதர்.

"தாங்கள் சொன்னால் மறுப்பேனா?" என்று குழைக்காதர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் முத்திரையிடுமுன், வழக்கப்படி ஓலையை அவையில் உரக்கப் படித்தார். அரசாணை எதுவும் அரசனின் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியோடுதான் தொடங்கும். இந்த அரசனுக்கு அதைப் பாடியவர் வித்தியாதர பண்டிதர்.

"ஏழு கடலையும் ஒரே மிடறாகக் குடித்து, இமயத்தை இடக்கையால் நகர்த்தி, கதிரவன் வாயிலில் நின்று விடைபெற்று உதிக்க வீற்றிருக்கும் விசயமாறன் ஆணை."

அவையினர் தலையாட்டினர். குழைக்காதர் பிறகு ஆணையைப் படித்தார். படித்து முடித்ததும் ஓலையைச் சுருட்டிக் காவலனிடம் நீட்டினார்.

"இதை ஆற்றில் விட்டுவிட்டு வா."

அரசன் எழுந்தேவிட்டான். "என் ஆணையை ஆற்றில் விடச் சொல்ல நீர் யார்?"

"நான் சொல்லவில்லை, அரசே. ஆணைதான் சொல்கிறது. இது பள்ளியில் தொங்கப்போகும் ஏடு. ஏழு கடலும் குடிக்கப்பட்டதாக இதில் இருக்கிறது. இன்று காலைகூட நம் சந்தைக்குக் கடல்மீன் வந்தது."

பண்டிதரின் முகம் வெளுத்தது. "அது பொய்யன்று! உயர்வு நவிற்சி. செய்யுளுக்கு அழகு."

"அப்படியா? முதலையின் பல்வலி எதில் சேரும்?"

முதலையைப் பொய்யென்றால் கடலும் பொய். கடலை அழகென்றால் முதலையும் அழகு.

"அந்தப் பகுதியை வெட்டிவிட்டு எழுதும்," என்றான் அரசன்.

"வெட்டலாம், அரசே. மெய்க்கீர்த்தி இல்லாத ஓலையைக் கள்ள ஓலையென்று எந்த ஊரும் திருப்பி அனுப்பிவிடும். அதுவும் தங்கள் ஆணையே."

அரசன் மெல்ல அமர்ந்தான். வடிவுடையாளைப் பார்த்தான்.

"அம்மா, உண்மையைச் சொல்லும். அந்த முதலையை உம் பிள்ளைகள் நம்புகிறார்களா?"

"கதை முடியும்வரை நம்புவார்கள். முடிந்ததும் ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள், முதலை கிடக்கும் துறையை விட்டு விலகித்தான். பல்லை வலித்தாலும் அது கடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்."

அரசன் மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு ஓலையை வாங்கித் தன் கையாலேயே முறித்தான்.

"அம்மையின் கட்டு முழுவதையும் படியெடுங்கள். பண்டிதரின் நானூறும் ஒரு பள்ளிக்குப் போகட்டும். மறுபடியும் படியுங்கள் என்று ஒரு பிள்ளையாவது கேட்டால், மற்றப் பள்ளிகளுக்கும் அனுப்பலாம்."

பண்டிதர் வணங்கினார். வணங்கும்போது பல்லைக் கடித்தார், அவருக்கும் வலித்திருக்கும்.

அரசனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. "குழைக்காதரே, நான் கடலைக் குடித்ததைப் பிள்ளைகள் நம்புவார்களா?"

"ஒருவரும் நம்பமாட்டார்கள், அரசே."

"இத்தனை ஆண்டுகளாக அது இந்த அவையில் படிக்கப்படும்போதெல்லாம் நீரும் தலையாட்டினீரே?"

"ஆட்டினேன், அரசே. பிள்ளைகள் வீட்டுச் சோறு உண்கிறார்கள். நான் அரண்மனைச் சோறு உண்கிறேன்."

விசயமாறன் சிரித்த சிரிப்பில், தலையாட்டிப் பழகிய அவை முழுவதும், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடியும் தலையாட்டியது.