பின்சீட்டுக்கு ஒன்பது மார்க்

கார் விமர்சகர் சந்திரசூடன் ஒரு காருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டால், அந்த இதழில் அதற்கு மறுபேச்சு கிடையாது. அன்றும் சோதனைத் திடலில் இரண்டு ஸ்போர்ட்ஸ் செடான்களை ஒப்பிட்டு, வெள்ளையைவிடச் சிவப்பே சிறந்தது என்று எழுதி முடித்திருந்தார்.

ஷோரூமிலிருந்து கார்களை ஓட்டிவரும் குமுதவல்லி, தனக்கும் விமர்சனம் எழுத ஒரு வாய்ப்பு வேண்டும் என்று ஆசிரியர் நஸீமாவிடம் கேட்டாள். கையில் காபிக் கோப்பையோடு நின்ற சந்திரசூடன் சிரித்தார்.

"என் விமர்சனத்துல ஒரு தப்பு கண்டுபிடிம்மா. ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இந்தக் காபி ஆறுறதுக்குள்ள சொல்லிட்டா என் பக்கத்தையே தர்றேன். இல்லேன்னா இந்த ஆசையை விட்டுடணும்."

குமுதவல்லி அவர் எழுதிய விமர்சனத் தாளை நிதானமாகப் படித்தாள்.

"சிவப்புக் காரோட பின்சீட்டுக்கு ஒன்பது மார்க். ஆறடி ஆளும் காலை நீட்டலாம்னு எழுதியிருக்கீங்க."

"உட்கார்ந்து பார்த்துத்தானே எழுதினேன்."

"இன்னொரு தடவை உட்காருங்க சார். மேடம் போட்டோ எடுக்கட்டும்."

பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திடலில் மாற்றுவதற்காகக் காலையில் ஷோரூமிலேயே அவள் ஏற்றிக் கட்டிய நான்கு டயர்கள், கயிறு அவிழாமல் இருக்கையை அடைத்திருந்தன. உள்கண்ணாடியில் தம் மீசையைத் தவிர வேறெதையும் அவர் பார்த்ததில்லை போலும்.

"டயருங்க வசதியாத்தான் வந்துச்சு சார்."

நஸீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தம் குறிப்பேட்டைக் குமுதவல்லியிடம் நீட்டினார். அவள் டயர்களை இறக்கிவிட்டுப் பின்சீட்டில் அமர்ந்தாள்.

"ஸ்டியரிங்கை நான் தொடக் கூடாதுன்னீங்க. நீங்களே ஓட்டுங்க சார், நான் எழுதணும். காபி சூடாத்தான் இருக்கு, குடிச்சிட்டே வாங்க."