அடியில் தங்கிய வெள்ளை

விசாரணைக்குழு கடைசியாகக் கூடுவது அன்று மூன்று மணிக்கு. இரண்டரைக்கே கோமதிநாயகம் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். வாசலில் சூசையின் ரப்பர் செருப்பு இன்னும் கிடந்தது. எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். அவரும் தாண்டினார்.

சூசை அங்கே உதவியாளராக இருந்தவர். கோமதிநாயகத்தின் ஆராய்ச்சிக்காகத் தலைமுடியை அமிலத்தில் காய்ச்சும்போது குழாய் கழன்றது. ஆவி நெஞ்சுக்குள் போய், பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். குடித்துவிட்டு வேலை செய்தார் என்று வேதியியல் துறை எழுதியது. புகையை வெளியேற்றும் விசிறி ஏழு மாதமாக ஓடவில்லை என்று எழுதவில்லை.

குடித்தார் என்று முடிவானால் அவர் மனைவி ரோசம்மாவுக்கு, வாரிசுக்குத் தரும் அந்த வேலை கிடைக்காது.

வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் கோமதிநாயகத்துக்கு வழிகாட்டி அன்னமேரி; அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கோமதிநாயகம் அவரிடம் கேட்டார்.

"மேடம், போன தடவை குழு கேட்டப்போ தெரியாதுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கும் அதையே சொல்லலாம்னு இருக்கேன். நான் துறை பக்கமும் இல்லை, ரோசம்மா பக்கமும் இல்லை. அது தப்பா?"

"சூசை குடிச்சிருந்தாரா, சார்?"

"டீ குடிச்சார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

"அதைச் சொன்னா என்ன?"

"நாலு வருஷ உழைப்பு மேடம். பட்டம் வாங்கத் துறைத் தலைவர் கையெழுத்துப் போடணும்."

அன்னமேரி ஒரு காலிக் குடுவையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"முடியிலிருந்து எடுத்த அமினோ அமிலம், அந்த சிஸ்டின், மிச்சம் இருக்கா?"

"இருக்கு. முந்தின தடவை சூசை காய்ச்சினது. ஒரு சாக்கு முடி. சலூன்காரன்கூட, 'உங்க தலைக்கா சார்?'னு கேட்டான்." கோமதிநாயகம் தம் வழுக்கையைத் தடவிக்கொண்டார். இருவரும் சிரிக்கவில்லை.

அன்னமேரி அந்த வெள்ளைப் பொடியை அமிலத்தில் போட்டுக் கலக்கினார். தண்ணீர்போலத் தெளிந்தது. மீட்டரில் பி.எச். ஒன்று.

"இப்போ சிஸ்டின் மேல மின்சுமை?"

"பிளஸ் ரெண்டு."

சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டார். இரண்டு. மூன்று. எதுவும் மாறவில்லை. ஐந்தை நெருங்கும்போது குடுவை கலங்கியது. பிறகு வெள்ளையாக ஏதோ மெல்ல இறங்கி அடியில் படிந்தது.

"இப்போ?"

"பூஜ்யம்."

"எண்ணிச் சொல்லுங்க."

"பிளஸ் ரெண்டு, மைனஸ் ரெண்டு. கூட்டினா ஒண்ணுமில்லை."

"கூட்டறதுக்கு முன்னாடி?"

கோமதிநாயகம் குடுவையையே பார்த்தார்.

"நாலு சுமையும் அப்படியே இருக்கு, மேடம்."

"மறுபடி கரையணும்னா?"

"அமிலம் விட்டாலும் கரையும். காரம் விட்டாலும் கரையும்."

கீழே பியூன் விசாரணைக்குக் கோமதிநாயகத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். ஜன்னல் வழியே ரோசம்மா தெரிந்தாள். படியில் உட்கார்ந்திருந்தவள் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள்.

மேஜைமேல் அமிலமும் காரமுமாக இரண்டு புட்டிகள் இருந்தன. கோமதிநாயகம் எதையும் தொடவில்லை.

"இப்படியே விட்டுட்டா, மேடம்?"

அன்னமேரி குடுவையை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"ஒண்ணும் ஆகாது, சார். நீங்க ரிடையர் ஆகறவரைக்கும் அடியிலேயே கிடக்கும்."