மயிலுக்குக் கைதட்டிய நீதிமன்றம்

அல்லிக்குளக் காட்டில் இருந்தது ஒரே ஒரு மயில். அதன் பெயர் சித்திரன். அது ஆடினால் மான்கள் மேய்ச்சலை மறக்கும். குரங்குகள் அதைப் போலவே ஆடிப் பார்த்து மரத்திலிருந்து விழும்.

ஒரு நாள் காலையில், குளக்கரையில் ஒரு தவளை கொத்துப்பட்டுச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு மயிலிறகு. தவளையின் மனைவி குமுதி அழுதுகொண்டே நீதிபதி கரடியிடம் ஓடியது.

புங்கமரத்தடியில் வழக்கு நடந்தது. காடே திரண்டு வந்தது. எறும்புகள்கூட வரிசையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தன. வர முடியாதவர்களுக்காக, கிளிகள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக் கிளை கிளையாகப் போய் ஒப்பித்தன.

மயிலின் வக்கீல் நரி எழுந்தது. "கனம் நீதிபதி அவர்களே, அந்த இறகு இவருடையது என்றால் தோகையில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள்."

மயில் தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. வெயில் பட்டுத் தோகை பளபளத்தது. "ஒன்று, இரண்டு..." என்று எண்ணத் தொடங்கிய கரடி, மூன்று வருவதற்குள் கைதட்டிவிட்டது.

"ஐயா, நடுவில் காலியாக இருக்கிறதே" என்றது குமுதி.

"உட்காரம்மா, மறைக்கிறது" என்றது பின்னாலிருந்த முயல்.

மயிலுக்கு விடுதலை கிடைத்தது.

அதோடு முடியவில்லை. காட்டில் யார் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக "எண்ணிப் பாருங்கள்" என்றார்கள். முள்ளம்பன்றி தன் மூன்று பிள்ளைகளுக்கும் 'நரியப்பன்' என்றே பெயர் வைத்து, யாரைக் கூப்பிட்டாலும் மூவரும் வர, திண்டாடியது. திருடி மாட்டிக்கொண்டவர்கள் பதில் சொல்வதை விட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்கள். நன்றாக ஆடியவர்கள் தப்பினார்கள்.

மூன்று வருஷம் கழித்து கரடியின் தேனடையே திருடு போனது. வாயெல்லாம் தேன் வழிய ஒரு குரங்கைப் பிடித்து வந்தார்கள். குரங்கு முதுகில் ஒரு தென்னை ஓலையைக் கட்டிக்கொண்டு, "எண்ணிப் பாருங்கள்" என்று சுழன்றது. கூட்டம் கைதட்டியது. பழக்க தோஷம், கரடியும் தட்டிவிட்டது.

சட்டென்று நினைவு வந்து, "என் தேன் போயிருக்கிறது. உங்களுக்கு இது கூத்தா?" என்று கத்தியது.

"இன்னொரு சுற்று!" என்றது கூட்டம்.

அப்போது குமுதி முன்னால் வந்தது. "ஐயா, மயில் வழக்கில் செத்தது யார்?"

கரடி தலையைச் சொறிந்தது. "நரி வாதாடியது... மயில் ஆடியது... யாரோ ஒரு தவளை."

"கிளிகளைக் கேளுங்கள். அவைதான் எல்லாவற்றையும் ஒப்பித்தன."

கிளிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. வழக்கு முழுவதிலும் அந்தப் பெயரை யாருமே சொல்லியிருக்கவில்லை.

"மழையப்பன்" என்றது குமுதி. "என் வீட்டுக்காரர்."

கரடி தலைகுனிந்தது. "வழக்கை மறுபடி விசாரிக்கிறேன் அம்மா."

"மயில் தன் பழைய இறகுகளையெல்லாம் எப்போதோ உதிர்த்துவிட்டது ஐயா. இனி எதைப் பார்த்து விசாரிப்பீர்கள்?" என்று சொல்லிவிட்டு, குமுதி குளத்துக்குள் குதித்தது.

குற்றம் சாட்டப்பட்டவரின் பகட்டில் ஊர் மயங்கிவிட்டால், இழந்தவருக்கு நீதியும் கிடைக்காது, அவர் பெயரும் மிஞ்சாது.