வண்டியேறிய வாசற்படி

முன்னொரு காலம். எந்த நாடு என்று கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அதன் தலைநகரத்துக்கு விருத்தகிரி என்பவர் நகரத் தலைவராக இருந்தார். ஒன்பது தேர்தல், முப்பத்திரண்டு வருடம். மக்கள் வேறு ஒருவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. ராஜாவுக்கும் அவர் இல்லாமல் பொழுது போகாது. சபையில் ராஜாவை மடக்கிப் பேச வேறு யாருக்குத் துணிச்சல் இருந்தது?

அந்தப் பட்டணத்தில் குறை சொல்ல ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வரவில்லையென்றால் வெறுங்குடத்தைத் தலைவர் வீட்டு வாசற்படியில் கவிழ்த்து வைப்பார்கள். தெருவிளக்கு எரியவில்லையென்றால் காய்ந்த திரி. பாதை மோசமென்றால் அறுந்த செருப்பு. விருத்தகிரி காலையில் கதவைத் திறந்து, படியில் கிடப்பதை அள்ளிக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார். அந்தப் படி ஒருநாள்கூடக் காலியாக இருந்ததில்லை.

அவர் மனைவி செங்கமலம் சலித்துப்போய், ஆறு வருடத்துக்கு முன்பே கடற்கரை ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் வருடத்துக்கு இரண்டு நாள் போவார். மூன்றாம் நாள் ராஜாவின் ஆள் குதிரையோடு வந்து நிற்பான். மனிதர் ஏங்கிப்போனார். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே பேச ஆள் இல்லை. ரசத்தில் உப்பு கூடினால் கோபித்துக்கொள்ளக்கூட யாரும் இல்லை. அவளுக்கும் தலை நரைத்துக்கொண்டு வந்தது. இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்று அடிக்கடி விரல்விட்டு எண்ணிப் பார்ப்பார்.

ஒருநாள் சபையில் கைகூப்பி நின்றார்.

"மகாராஜா, அடியேனை விடுவித்து அருள வேண்டும். மனைவியோடு வாழ ஆசையாக இருக்கிறது."

ராஜாவுக்கு விளையாட்டுப் புத்தி. "ஆகட்டும். நாளை சூரியன் உதித்து மறையும்வரை உமது வாசற்படியில் ஒரு பொருளும் விழாதிருந்தால் உமக்கு விடுதலை" என்றார்.

உக்கிராண அதிகாரி காளத்தியப்பர் எழுந்தார். அரண்மனைப் பண்டசாலை முழுவதும் அவர் கையில். ஆனாலும் விருத்தகிரிக்கு ஊர் கூடி வழியனுப்பு விழா நடத்துவதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

"விழுந்துவிட்டால், அவர் ஆயுள் முழுவதும் பட்டண எல்லையைத் தாண்டலாகாது என்றும் ஆணையிடுங்கள், மகாராஜா."

"அப்படியே" என்றார் ராஜா.

மறுநாள் காளத்தியப்பரின் ஆட்கள் நூறு பேர் ஆளுக்கொரு குடத்தோடு விருத்தகிரி வீட்டுக்கு ஓடினார்கள். போய்ப் பார்த்தால் வீடு இருக்கிறது, கதவு இருக்கிறது, படியைக் காணோம்! என்ன செய்வதென்று தெரியாமல் குடங்களைத் தெருவிலேயே கவிழ்த்துவிட்டுக் காவல் நின்றார்கள்.

படியோ கடப்பாறையால் பெயர்க்கப்பட்டு, மாட்டுவண்டியில் ஏறி வடக்குத் தெருவில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் விருத்தகிரி. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, அவரே குறை கேட்டார். அடைத்த வாய்க்காலை ஆள்விட்டுத் தோண்டினார், அணைந்த விளக்கை ஏற்றினார். கேட்க ஆள் வாசலுக்கே வந்த பிறகு யார் குடம் தூக்குவார்கள்?

தயிர்க்காரி வடிவாம்பா மட்டும் வண்டியை மறித்துக்கொண்டாள்.

"ஏங்கய்யா, படியவே பேத்து எடுத்துட்டீங்களே, இனிமே நாங்க எங்க வந்து நிக்கிறது?"

"அடுத்து வர்றவர் வாசல்ல நில்லு தாயி. கதவத் தொறக்கலன்னா, தொறக்கிற வரைக்கும் நில்லு."

சொல்லிவிட்டாரே தவிர, வண்டியை உடனே நகர்த்தவில்லை. பிள்ளையாகப் பார்த்தவர்களெல்லாம் பிள்ளை பெற்று நிற்கும் தெருக்கள் அவை. விட்டுப்போக மனம் வரவில்லை, இருக்கவும் முடியவில்லை.

சூரியன் மறைந்ததும் வண்டி அரண்மனையில் நின்றது. படி துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"மகாராஜா, படியில் ஒன்றும் விழக்கூடாது என்றீர்கள். படி வீட்டோடு இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை."

"மோசடி!" என்று குதித்தார் காளத்தியப்பர். "இவர் வீட்டுத் தெருவில் நூறு குடங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. இதோ, ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்."

விருத்தகிரி அந்தக் குடத்துக்குள் விரலை விட்டு ராஜாவிடம் நீட்டினார். விரல் நுனியில் சூளைச் சாம்பல்.

"ஒருநாள்கூடத் தண்ணீர் பார்க்காத குடம், மகாராஜா. தண்ணீருக்குத் தவிக்கிறவர் வீட்டில் நூறு புதுக்குடம் ஏது? உக்கிராணத்தில்தான் விசாரிக்க வேண்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. தம் ரதத்தையே கொடுத்து, "போய் வாரும். குதிரை அனுப்ப மாட்டேன்" என்றார். காளத்தியப்பருக்கு அந்த நூறு குடத்திலும் தண்ணீர் சுமந்து வீடுவீடாக ஊற்றும் வேலை கிடைத்தது.

இரண்டு நாள் பயணம். விருத்தகிரி போய் இறங்கியபோது செங்கமலம் முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்து, வழக்கம்போலக் கேட்டாள்:

"வாங்க. ரெண்டு நாளைக்குத்தானே?"

ஒரு அதிகாரியையும் ஒரு ராஜாவையும் பேச்சில் மடக்கிய மனிதர், கீரைக் கட்டுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் புரிந்துகொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இன்னொரு ஆழாக்கு அரிசி போடுறேன்" என்றாள்.